வியர்க்கிற கைக்கு எந்தக் கம்பம்?

கிருஷ்ண ஜெயந்தி சமயத்தில் வழுக்கு மரம் ஏறுவதை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். ஏறுகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. தென்னையோ பனையோ எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவார்கள். ஆனாலும் பாதி உயரம் போவதற்குள் சர்ரென்று கீழே வந்துவிடுவார்கள். காரணம் மரம் இல்லை, அதன் மேல் பூசியிருக்கிற எண்ணெய். கீழே நிற்கிற கூட்டம் கைதட்டும், தண்ணீரை வாரி அடிக்கும். விழுந்தவரும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்.

இதே வழுக்கல், வீட்டு அறைக்குள் ஒருவர் தலைகீழாகத் தொங்கும்போது நடந்தால்? யாருக்கும் சிரிப்பு வராது.

விஷயம் போல் டான்ஸ் கம்பத்தைப் பற்றியது. "அய்யோ, அதுவா?" என்று சிலர் நெளிவது தெரிகிறது :-) சினிமாவில் வில்லன் உட்கார்ந்திருக்கும் கிளப்பில் மட்டுமே அந்தக் கம்பத்தைப் பார்த்த பழக்கம் நமக்கு. ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களில் அது உடற்பயிற்சிக் கூடத்துக்குள் வந்து, போட்டி விளையாட்டாகவும் ஆகிவிட்டது. அதற்கென்று இருக்கும் சர்வதேசக் கூட்டமைப்புக்கு 2017-ல், உலக விளையாட்டு அமைப்புகளின் பொதுச் சங்கமாக அப்போது இருந்த ஜி.ஏ.ஐ.எஸ்.எஃப். பார்வையாளர் தகுதி கொடுத்தது. சிங்கப்பூரில் வகுப்புகள் நடக்கின்றன, மும்பையிலும் பெங்களூரிலும் நடக்கின்றன. ஆபீஸ் முடிந்து போகிறவர்கள், குழந்தை பெற்ற பிறகு உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போகிறவர்கள், ஜிம் போரடித்துப் போனவர்கள் என்று எல்லா வகை ஆட்களும் அங்கே உண்டு.

கொஞ்ச நாள் கற்றுக்கொண்டதும் வீட்டிலேயே ஒரு கம்பம் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். கடைக்குப் போனால் முதல் கேள்வியே இடிக்கும். "எந்த ஃபினிஷ் வேண்டும்? குரோமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பித்தளையா, தங்கக் கலரா, பவுடர் கோட்டிங்கா, சிலிக்கானா?"

கை வியர்க்கும் ஆசாமிக்கு இதற்குக் கிடைக்கும் ரெடிமேட் பதில், "பித்தளை வாங்குங்கள்" என்பது. அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கட்டுவதில்தான் தவறு நடக்கிறது.

கண்டக்டரின் விரல்

பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். பேங்க் கேஷியர் பக்கத்தில் ஒரு ஈர ஸ்பாஞ்சு இருக்கும், நோட்டு எண்ண. ஏன்? காய்ந்த விரலில் தாள் ஒட்டாது. லேசான ஈரம் இருந்தால் விரல்தோல் கொஞ்சம் மிருதுவாகி, தாளோடு நன்றாகப் படிந்து பிடிக்கும். அதே கேஷியர் கையைத் தண்ணீரில் முக்கிவிட்டு வந்து எண்ணினால்? வழுக்கும். நோட்டும் நாசம்.

கம்பத்துக்கும் இதே கணக்குத்தான். தோலில் ஈரம் ஏற ஏறப் பிடிமானமும் ஏறும், ஒரு எல்லை வரைக்கும். அதைத் தாண்டினால் தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுகொண்டு, பிடி சட்டென்று இறங்கிவிடும். அதனால்தான் போல் வகுப்பில் இரண்டு கட்சிகள். "கை காய்ந்துபோய் வழுக்குகிறது" என்று ஒரு கட்சி, "கை நனைந்துபோய் வழுக்குகிறது" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒருவருக்கு நல்ல கம்பம் இன்னொருவருக்கு ஆகாமல் போவதும் இதனால்தான். ஆக, "எது பெஸ்ட்?" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. "யாருக்கு, எந்த அறையில்?" என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

கம்பத்தின் மேல்பரப்பை அதைத் தொடுகிற பொருள்தான் முடிவு செய்கிறது என்பது ரொம்பப் பழைய பாடம். நம் நாட்டு மல்லர் கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டி மரத்திலோ தேக்கிலோ செய்த கம்பம், அதன் மேல் விளக்கெண்ணெய் தடவுவார்கள். வெற்று உடம்பு மரத்தில் உரசினால் தோல் உரிந்துவிடும் என்பதால் அங்கே உராய்வைக் குறைக்க வேண்டியிருக்கிறது. (தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கம் பிள்ளைகள் இதில் பயிற்சி எடுக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளிலும் இது இருந்தது.) சர்க்கஸில் வரும் சீனக் கம்பம் இதற்கு நேர் எதிர். அதில் ரப்பர் சுற்றியிருப்பார்கள். ஏறுகிறவர்கள் உடம்பு முழுக்க மூடிய உடையும் ஷூவும் போட்டிருப்பார்கள். துணியோடு ஏறுவதால் அங்கே உராய்வு அதிகமாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது போல் டான்ஸ் கம்பம். அங்கே வெறும் தோல் வழவழப்பான உலோகத்தைப் பிடிக்க வேண்டும். சுற்றும்போது வழுக்க வேண்டும், தொங்கும்போது வழுக்கக் கூடாது!

வரிசையாக ஒரு பார்வை

குரோம்: பெரும்பாலான வகுப்புகளில் இருப்பது இதுதான். இரும்புக் குழாய்க்கு மேல் நிக்கல், நிக்கலுக்கு மேல் மெல்லிய குரோமியம் என்று முலாம் பூசியிருக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கும், துடைப்பது சுலபம், விலையும் மற்றதைவிடக் குறைவு. ஆனால் கண்ணாடி மாதிரி இருப்பதால் வியர்வையும் கண்ணாடியில் நிற்பது மாதிரியே படலமாக நிற்கும். இன்னொரு சிக்கல், அடியில் இருக்கிற நிக்கல். கவரிங் தோடு போட்டால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகுமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் அலர்ஜிதான். நாளாக ஆக முலாம் தேய்ந்தால் நிக்கல் வெளியே எட்டிப் பார்க்கும். வியர்வையில் உள்ள உப்பு அதை இன்னும் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். கவரிங் ஒத்துக்கொள்ளாதவர்கள், அதிலும் அதிகம் வியர்ப்பவர்கள், குரோமுக்கு முன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: நம் வீட்டு எவர்சில்வர்தான். மேலே முலாம் எதுவும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் ஒரே உலோகம். அதனால் உரிவதற்கு ஒன்றும் இல்லை. இதிலும் நிக்கல் கலந்திருக்கும். ஆனால் மேலே தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்ஸைடு படலம் அதைப் பெரும்பாலும் உள்ளேயே அடக்கி வைத்துவிடும். அலர்ஜி உள்ளவர்களுக்கு இதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். பிடிமானத்தில் குரோமை ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ வரும். வியர்க்கிற கைக்கு இது தனியாக எந்த உதவியும் செய்யாது.

தங்கக் கலர்: கடைகளில் 'டைட்டானியம் கோல்ட்' என்பார்கள். டைட்டானியம் கலந்த மெல்லிய பூச்சு. குரோமைவிடக் கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும் என்பது பழகியவர்கள் பரவலாகச் சொல்வது. பித்தளை அளவுக்குப் பராமரிப்புத் தொல்லை இல்லை. நடுத்தர வியர்வைக்கு நடுவாந்திரமான ஒரு பதில்.

பித்தளை: செம்பும் துத்தநாகமும் கலந்தது, நம் குத்துவிளக்கு, அண்டா, குடம் எல்லாம் அதுதான். குரோமைவிட மிருதுவான உலோகம். பழகப் பழக நுண்ணிய கீறல்கள் விழுந்து, அந்தக் கண்ணாடி வழவழப்பு போய்விடும். ஈரக் கைக்கு இதுதான் தோதாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பித்தளைக் கம்பம் சகஜம். ஆனால் கறுக்கும். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு விளக்குத் தேய்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை :-) கையில் பழைய காசு மாதிரி ஒரு வாடை வரும், சில சமயம் பச்சை ஏறும். விலையும் கூடுதல்.

பவுடர் கோட்டிங்: நம் ஊரில் கிரில் கேட்டுக்கும் பீரோவுக்கும் அடிக்கிறார்களே, அதேதான். பவுடரை மின்சார ஈர்ப்பில் ஒட்டவைத்து அடுப்பில் சுட்டெடுப்பது. கையில் பட்டதும் கெட்டியாகப் பிடிக்கும். கடையில் தொட்டுப் பார்க்கிறவர்கள் அதில்தான் மயங்குகிறார்கள். ஆனால் பிடிக்கக் கூடாத நேரத்திலும் அது விடாது. சுழலாத கம்பத்தில் வேகமாகச் சுற்றினால் தோல் இழுபட்டு எரியும். சுழலும் கம்பமாக இருந்தால்தான் இது தாங்கும்.

சிலிக்கான்: துணியோடு ஆட வேண்டும் என்பவர்களுக்காகவே வந்தது. லெக்கிங்ஸ், முழுக்கை டி-ஷர்ட் எல்லாம் போட்டுக்கொள்ளலாம். கை காலைக் காட்டத் தயங்குகிறவர்களுக்கு நல்ல வழி. ஆனால் வெறும் தோலோடு இதில் சறுக்கிப் பார்க்க நினைக்கவே கூடாது, ரப்பர் செருப்பைத் தோலில் இழுத்த மாதிரி இருக்கும்.

குளிர் நாட்டு அறிவுரை

கம்பம் வாங்குவதைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவது. அங்கே குளிர்காலத்தில் கம்பம் ஐஸ் மாதிரி இருக்கும். ஹீட்டர் போட்ட அறையில் தோல் காய்ந்து வெடிக்கும். அவர்களுக்குப் பிரச்சினை, காய்ந்த கை. "குரோம் போதும், பித்தளை குளிரில் சரிப்படாது" என்று அவர்கள் சொல்வது அவர்கள் அறைக்குச் சரிதான்.

இப்போது சிங்கப்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கக் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். சென்னையோ மும்பையோ இந்த விஷயத்தில் ஒன்றும் இளைத்தவை அல்ல. வியர்வை ஆவியாக வேண்டுமென்றால் காற்றில் இடம் வேண்டும். காற்றே நனைந்திருந்தால் வியர்வை தோலிலேயே தங்கிவிடும். குளிர் நாட்டு அறிவுரையை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே உதைக்கும்.

ஏசி போட்டால் சரியாகிவிடுமா? பெரும்பாலும் ஆகும், ஒரு எச்சரிக்கையோடு. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவு முழுக்க ஏசியில் குளிர்ந்த உலோகக் கம்பம், காலையில் ஜன்னலைத் திறந்ததும் அதே டம்ளர்தான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ஈரம் அதன் மேல் படிந்திருக்கும். கை சுத்தமாகக் காய்ந்திருந்தாலும் கம்பமே வியர்த்திருந்தால் என்ன செய்ய? அறையை மூடி, ஏசியை ஓடவிட்டு, கம்பத்தைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எங்கே வியர்க்கிறது?

விஷயத்தின் மையம் இதுதான். கம்பத்தைக் கையால் மட்டும் பிடிப்பதில்லை. உள் தொடை, முழங்காலின் பின்மடிப்பு, முழங்கையின் உள்மடிப்பு, அக்குள், இடுப்பு என்று உடம்பின் பல இடங்கள் பிடிக்கின்றன. தலைகீழாகத் தொங்கி இரண்டு கையையும் விடும்போது உயிரைத் தாங்குவது முழங்கால் மடிப்புத்தான்.

மனித உடம்பில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை ரொம்ப நெருக்கம். ஆனால் உள்ளங்கைச் சுரப்பிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வெயிலைவிடப் பயத்துக்கும் பதற்றத்துக்கும்தான் அவை அதிகம் மசியும். முதுகு, தொடை எல்லாம் முக்கியமாகச் சூட்டுக்கு வியர்ப்பவை.

ஆகவே இரண்டு வகை ஆட்கள். ஒருவருக்கு ஏசி அறையிலும் கை மட்டும் சொதசொதவென்று இருக்கும், மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கும். இன்னொருவருக்குப் பத்து நிமிட வார்ம்-அப் முடிந்ததும் தலை முதல் கால் வரை குளித்த மாதிரி ஆகிவிடும். இருவருமே "எனக்கு வியர்க்கிறது" என்றுதான் கடையில் சொல்வார்கள். கடைக்காரர் இருவருக்கும் "பித்தளை" என்பார்.

முதல் ஆளுக்கு அது வீண் செலவு. கை மட்டும்தான் பிரச்சினை என்றால் கையைத்தான் கவனிக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசுகிற மெக்னீசியம் கார்பனேட் பவுடர் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆல்கஹாலில் கலந்து வரும் திரவ வகை இன்னும் சௌகரியம், ஊற்றித் தேய்த்தால் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். இதோடு சாதாரண குரோமோ எவர்சில்வரோ போதும். அதிலும் இவர் பித்தளை வாங்கினால் ஒரு புதுத் தொல்லை வந்து சேரும். காய்ந்த தொடைக்கும் காய்ந்த முழங்கால் மடிப்புக்கும் பித்தளை அவ்வளவு ஒத்துழைக்காது. கைக்காக வாங்கி, காலில் வழுக்குவார்.

இரண்டாவது ஆளுக்குத்தான் பித்தளை. உடம்பெல்லாம் பவுடர் பூசிக்கொள்ள முடியாது. பூசினாலும் ஐந்து நிமிடத்தில் கரைந்து மாவாகிவிடும். தொடும் இடமெல்லாம் ஈரம் என்றால் மாற வேண்டியது கம்பம். ஈரத் தோலோடு ஒத்துப்போகிற உலோகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது ஆடம்பரம் இல்லை, அது பாதுகாப்புச் செலவு.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. பரீட்சை எழுதும்போது கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்து எழுதும் நண்பர்கள் எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருப்பார்கள். விடைத்தாள் ஓரம் நனைந்து மை பரவியிருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் கைகுலுக்குவதற்கு முன்னால் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொள்வார்கள். எந்த உலோகமும் இவர்களைக் காப்பாற்றாது. இதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது, ஹைப்பர்ஹைட்ரோசிஸ். சிகிச்சையும் இருக்கிறது. இரவில் காய்ந்த கையில் பூசும் அலுமினியம் குளோரைடு, தண்ணீரில் கையை வைத்து லேசான மின்சாரம் செலுத்தும் அயன்டோஃபோரெசிஸ், போட்டுலினம் ஊசி என்று படிப்படியாக. நரம்பை வெட்டும் ஆபரேஷனும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை கூடிவிடுகிறது. கம்பம் ஏறுகிறவருக்கு அது கையை விற்றுக் காலை வாங்கிய கதை. பித்தளைக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்னால் தோல் டாக்டரிடம் ஒருமுறை போய்வருவது நல்லது.

"பயமா?" என்று கேட்காதீர்கள்

கை வியர்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி, "என்ன, பயமா?" என்பது. பயம் என்று ஒப்புக்கொண்டால் கோழை, இல்லை என்றால் பொய். உண்மையில் இது ஒரு வட்டம். வழுக்கும் என்று பயம் வரும். பயம் வந்தால் உள்ளங்கை வியர்க்கும். வியர்த்தால் வழுக்கும். வழுக்கினால் அடுத்த முறை பயம் இன்னும் கூடும். மன உறுதியால் இதை வெட்டச் சொல்வது, மழையில் நனைந்தவரைப் பார்த்து "ஈரத்தை நினைக்காதே" என்பது மாதிரி.

வட்டத்தை எங்காவது ஒரு இடத்தில் அறுக்க வேண்டும். பவுடரோ டாக்டரோ பித்தளையோ செய்வது அதைத்தான். நாலு முறை வழுக்காமல் தொங்கிவிட்டால் ஐந்தாவது முறை பயம் பாதியாகும், வியர்வையும் குறையும். சரியான கம்பம் கொடுப்பது வெறும் பிடிமானம் மட்டும் அல்ல. இரண்டாவது வாரமே "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று வகுப்பை விட்டுப் போகிற ஒருவரை, மூன்றாவது வாரமும் வரவைக்கிறது.

எதிர்க்கேள்விகள்

"வீட்டில் நன்றாகப் பிடிக்கும் கம்பத்தில் பழகிவிட்டு வகுப்பில் குரோமில் ஏறினால் திண்டாட மாட்டார்களா?" நியாயமான கேள்வி. உண்மைதான், கொஞ்சம் திண்டாடுவார்கள். ஆனால் வகுப்பில் பயிற்றுநர் பக்கத்தில் நிற்பார், தரையில் மெத்தை இருக்கும். வீட்டில் தனியாகத் தலைகீழாகத் தொங்கும்போது இரண்டும் இருப்பதில்லை (மெத்தையாவது கட்டாயம் வாங்குங்கள்). ஆபத்து அதிகமான இடத்தில் பிடிமானம் அதிகமாக இருக்கட்டும், கஷ்டமான பயிற்சியை ஆள் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

"அப்படியானால் பவுடர் கோட்டிங்தானே எல்லாவற்றையும்விட நன்றாகப் பிடிக்கிறது?" பிடிக்கிறது. ஆனால் விடத் தெரியாத கம்பத்தில் சுற்றவும் சறுக்கி இறங்கவும் கற்றுக்கொள்ள முடியாது. கற்றுக்கொள்கிற ஆளுக்கு இரண்டும் வேண்டும்.

"கம்பத்தின் பருமனை மாற்றினால் போதாதா?" ஓரளவு உதவும். இன்று பரவலாக இருப்பது 45 மில்லிமீட்டர், போட்டிகளிலும் அதுதான். 50 மில்லிமீட்டரும் உண்டு, சின்னக் கைகளுக்கு 40 மில்லிமீட்டரும் உண்டு. விரல்கள் நன்றாகச் சுற்றி வந்தால் பிடி கூடும், பிடி கூடினால் வழுக்கல் பயம் குறையும். சின்னக் கை உள்ளவர் 50-ல் பித்தளை வாங்குவதைவிட 45-ல் குரோம் வாங்குவது புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன்

பி.காமில் படிக்கிற பாடம் ஒன்று, ஏற்கனவே செலவழித்த பணத்தை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பது. கம்பம் விஷயத்தில் நடப்பது அதேதான். தப்பான ஃபினிஷை வாங்கிவிட்டு, "இவ்வளவு காசு கொட்டியாச்சே" என்று வழுக்க வழுக்க அதிலேயே ஏறிக்கொண்டிருப்பார்கள். இங்கே நஷ்டக் கணக்கில் வருவது பணம் மட்டும் அல்ல, கழுத்தும் வரும்.

அதனால் முதலில் செலவில்லாத வேலைகள். வகுப்பு நாளில் கைக்கும் காலுக்கும் லோஷன், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு கம்பத்தைத் தொட்டால் அது வழுக்கு மரம்தான்! கம்பத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். சானிட்டைசர் ஜெல்லை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். கை வறண்டு போகாமல் இருக்க அதில் கிளிசரின் மாதிரி சமாச்சாரங்கள் சேர்த்திருப்பார்கள், அது படலமாகத் தங்கிவிடும். பித்தளையை பாலிஷ் போட்டால் அந்த பாலிஷையும் சுத்தமாகத் துடைத்து எடுத்த பிறகுதான் ஏற வேண்டும்.

அடுத்தது, தொட்டுப் பார்த்து வாங்க வேண்டாம், வியர்த்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் காய்ந்த கையால் தடவிப் பார்ப்பது எதையும் சொல்லாது. பித்தளைக் கம்பம் உள்ள வகுப்பு ஏதாவது இருந்தால் ஒரு நாள் கட்டணம் கட்டி, வகுப்பின் கடைசி பதினைந்து நிமிடத்தில், உடம்பு முழுக்க நனைந்த பிறகு அதில் தொங்கிப் பாருங்கள். கையோடு தொடையும் முழங்கால் மடிப்பும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். அந்த ஒரு நாள் கட்டணம் ஆயிரம் விமர்சனங்களுக்குச் சமம்.

பித்தளைதான் என்று முடிவானால், அது முழுப் பித்தளைக் குழாயா, இரும்பின் மேல் பூசியதா என்று கேளுங்கள். பதிலில் சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் காந்தம் போதும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே இருக்கும் பூச்சு எவ்வளவு கனம், தேய்ந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

தரைக்கும் கூரைக்கும் நடுவில் அழுத்தி நிறுத்தும் கம்பமாக இருந்தால் மேலே கான்கிரீட் தளம் இருக்க வேண்டும். அழகுக்குப் போட்ட ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் நிறுத்தினால், பிடி எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கம்பத்தோடு கூரையும் சேர்ந்து வந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். கை மட்டும் வியர்த்தால் கையைக் காய வையுங்கள், கம்பத்தை மாற்ற வேண்டாம். உடம்பே வியர்த்தால், புழுக்கமான ஊரில் இருந்தால், யோசிக்காமல் பித்தளை. விடைத்தாள் நனைகிற கையென்றால் முதலில் டாக்டர், அப்புறம் கடை.

வழுக்கு மரத்தில் எண்ணெயை வேண்டுமென்றே பூசுகிறார்கள், விழுவதுதான் அங்கே வேடிக்கை. வீட்டுக் கம்பத்தில் அந்த எண்ணெயை நாமே தெரியாமல் பூசிவிடக் கூடாது. அங்கே தண்ணீர் அடிக்கவும் கைதட்டவும் யாரும் இருக்க மாட்டார்கள்.